கோட்டை மதிலில் பெண் பார்த்தார்கள்

எங்கள் ஊருக்குப் பின்னால் குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை உண்டு. எந்த ராஜா கட்டியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மதில் இடுக்கில் நல்ல தழை கிடைக்கும் என்பது மட்டும் எல்லா ஆடுகளுக்கும் தெரியும்.

எனக்கு அப்போது எட்டு வயது. அத்தையைப் பெண் பார்க்க மாரண்டஹள்ளியிலிருந்து பகல் பஸ்ஸில் வருவதாக இருந்தார்கள். பெண் துடுக்கு என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "இன்னைக்காவது வாயத் தொறக்காம உக்காரு" என்று அப்பா காலையிலேயே சொல்லிவைத்தார். அந்த அமளியில் நான் ஆட்டைக் கட்ட மறந்துவிட்டேன். அது கோட்டைக்கு ஏறி, இடிந்த மதிலின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கல்லில் நின்று, இறங்க வழியில்லாமல் கத்தியது.

நான் அழுதேன். அத்தை பட்டுச்சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். மதிலில் ஏறி அவள் ஆட்டின் காதைப் பிடித்த நேரம், கீழே பாதையில் ஆறேழு பேர் வந்து நின்றார்கள்.

"பாப்பா, பொண்ணு வூடு எது?" என்றார் முன்னால் வந்த அம்மாள்.

நான் மேலே கை காட்டினேன். "பொண்ணு அங்க இருக்குதுங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே! யாராச்சும் வந்து பின்னங்காலப் புடிங்க!" என்று அத்தை மேலிருந்து கத்தினாள்.

ஒல்லியான ஒருவர் குடையை என் கையில் திணித்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். அவர்தான் மாப்பிள்ளை. ஆடு அவர் தோளை மிதித்துக் கீழே குதித்து, எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது.

வந்தவர்களுக்குக் கேசரி வைத்தோம். அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. வாசலிலிருந்து பார்த்தால், மதில் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்பா அவர்களைக் கூப்பிட எழுந்தார்.

"உக்காருங்க. கல்லு வழுக்கும், மெதுவாவே எறங்கட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆடுதான் வந்துடுச்சே, நான் போய்க் கூட்டியாரட்டுங்களா?" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்பாவும்தான். அந்த அம்மாள் என் வாயில் ஒரு கை கேசரியை அடைத்தார்.

மென்றுகொண்டே யோசித்தேன். ஒரு மாதமாக மழையே இல்லை. கல் எப்படி வழுக்கும்?