கட்டுச்சோறும் ஒரு கிருத்திகையும்

பிறர் வயிற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. திருத்தணியில் கர்ப்ப ஸ்கேன் எடுக்கும் டாக்டர் நான். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னும் எத்தனை பேர்?" என்று வாசலில் நெளிந்திருக்கும் உங்களுக்கு இந்த அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நாங்கள் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

எந்தக் கிருத்திகை?

"கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?" என்று கேட்டால் எங்கள் ஊரில் தேதி வராது, திருவிழா வரும். அம்மையார்குப்பத்திலிருந்து ஜமுனா வந்தாள். விசைத்தறி ஓட்டும் குடும்பம். மாதம் ஒழுங்காக வராத உடம்பு என்பதால் அவளுக்கே நாள் சரியாக நினைவில்லை. கணவர் லோகு முந்திக்கொண்டு, "கிருத்திகைக்கு மறுநாள் மேடம்" என்றார்.

முருகன் ஊரில் மாதாமாதம் கிருத்திகை. எது என்று கேட்டேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு அடையாளம் சொன்னார்: "நல்ல கூட்டம் மேடம். பஸ்ஸுல நிக்கக்கூட எடம் இல்ல."

விரதம்

கடைசியில் அவராகவே ஒரு கிருத்திகையை முடிவு செய்தார். அந்தக் கணக்குப்படி கருவின் துடிப்பு தெரிந்திருக்க வேண்டும். திரையிலோ ஒரு சின்ன நீர்ப்பை, அதற்குள் மோதிரம் போல ஒரு வட்டம். அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு முறை இதே கட்டத்தில் கரு நின்றுபோனவள் ஜமுனா. மறுபடியும் அப்படியா, இல்லை லோகுவின் கணக்குதான் தப்பா? நல்லதை முதலில் சொல்வோமே என்று அந்த வட்டத்தைக் காட்டி, "மஞ்சள் கரு நல்லா தெரியுது" என்றேன்.

லோகு திடுக்கிட்டார். "மேடம், வீட்டுல விரதம். ஒரு மாசமா முட்டையே வாங்கல. மஞ்சக் கரு எப்டி வந்துச்சு?" உதவிக்கு நிற்கும் ஷமீம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அது கோழி முட்டை சமாச்சாரம் இல்லை, தொப்புள்கொடி வேலைக்கு வரும்வரை கருவுக்காகக் கட்டிவைத்த கட்டுச்சோறு என்று விளக்கினேன். நாள் கணக்கு தப்பியிருக்கலாம், இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றும் சொன்னேன். ஜமுனா சிரிக்கவில்லை. திரையையே பார்த்தபடி கேட்டாள்: "சோறு கட்டி வச்சிகீது. சாப்பிட ஆள் வருமா மேடம்?"

ஆள்

அந்த இரண்டு வாரமும் நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான். சொன்ன நாளில் வந்தார்கள். லோகு உள்ளே வர மறுத்துவிட்டார். ஜமுனா கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தாள்.

கருவியை வைத்தேன். வட்டத்துக்குப் பக்கத்தில் அவரைக்கொட்டை அளவில் கரு. அதன் நடுவே மினுக் மினுக்கென்று துடிப்பு. அளந்து பார்த்தால், சரியாக ஒரு கிருத்திகைதான் வித்தியாசம். திரையை அவள் பக்கம் திருப்பி, "கண்ணைத் திறம்மா" என்று மட்டும் சொன்னேன். பார்த்தாள், அழுதாள். ஷமீம் அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த கணவரிடம் படுத்தபடியே ஜமுனா சொன்னாள்: "பாவா, சாப்பிட ஆள் வந்துகீது. நீதான் ஒரு கிருத்திகைய சேத்து எண்ணிட்ட."

அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் என்ன டைப் அடித்தாலும் வாயால் கட்டுச்சோறு என்றுதான் சொல்கிறேன். இதுவரை யாரும் விரதம் கெட்டுவிட்டதாகப் புகார் கொண்டுவரவில்லை.