பழனி வழியாகக் கொடைக்கானல்: கண்ணை மூடாமல் ஒரு பயணம்

கொடைக்கானல் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திடப்படுத்தல் ஆராதனை. பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் அந்த நாள் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். அவள் அப்பா குவைத்தில் இருப்பதால் போக வேண்டியவள் நான்தான். இந்த மூன்று வருடத்தில் இரண்டு தடவை அவளைப் பார்க்கக் கிளம்பி, மலையடிவாரத்திலேயே இறங்கி மதுரைக்குத் திரும்பிவிட்டேன். இந்த முறை போனில், “முடிஞ்சா வாங்கம்மா” என்றாள். அந்த ‘முடிஞ்சா’ என்னைக் குத்தியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் வத்தலக்குண்டு மலைப்பாதையில் நாங்கள் வந்த சபை வேன் கவிழ்ந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வேன் புரண்டபோது நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்தா கவிழ வேண்டும்? அன்றிலிருந்து ஆலயத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது நான் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உண்மையில், ஆண்டவர்மேலேயே எனக்குச் சந்தேகம்.

அதனால் இந்தத் தடவை ரோட்டை மாற்றினேன். சனிக்கிழமை மதியம் மதுரையில் பஸ் ஏறி மூன்று மணி நேரத்தில் பழனி. இரவு தங்க லாட்ஜ் அறை எண்ணூறு ரூபாய். தாழ்ப்பாளை நான்கு முறை சோதித்துவிட்டுத்தான் படுத்தேன். பழனியிலிருந்து கொடைக்கானல் அறுபத்து நான்கு கிலோமீட்டர். போகவர வாடகைக் கார் ஐயாயிரம் பேசினேன். ஓட்டுநர் ஆரோன் பாலசமுத்திரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். காலை ஐந்தரைக்கு வந்தார். நம்பர் பிளேட்டைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன், நான்கு டயரையும் குனிந்து பார்த்தேன், வாயில் வாடை வருகிறதா என்றும் கவனித்தேன். புதினா மிட்டாய் வாடை வந்தது. அது எதை மறைக்க என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

வரதமாநதி அணை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கை லேசாக நடுங்கியது.

“பிரேக்கு ஏதும் சரியில்லையா?” என்றேன்.

“பிரேக்கெல்லாம் போன வாரந்தாங்க்கா மாத்துனேன். ரெண்டு நிமிசம் இருங்க, ஜெபம் பண்ணிட்டு வெரசா போயிரலாம்.”

நல்ல பிரேக்குக்கு எதற்கு ஜெபம்? மேலே ஏற ஏற இன்னொரு சந்தேகம். ஒவ்வொரு வளைவிலும் ஏதோ முணுமுணுத்தார். ப்ளூடூத்தில் பேசுகிறாரோ என்று சாய்ந்து பார்த்தேன், காதில் ஒன்றுமில்லை. பாதை வத்தலக்குண்டு ரோட்டைவிடக் குறுகல், வண்டிகளும் குறைவு. காட்சி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழேகாலுக்கு வடகவுஞ்சி பிரிவில் டீக்கு நிறுத்தினார். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் கடைக்கார பாயிடம் விசாரித்தேன்.

“ஆரோனா? தங்கமான ஆளும்மா. நாலு வருசத்துக்கு முந்தி லாரிக்கு ஒதுங்கப் போயி, காரு பள்ளத்துல மரத்துல மாட்டிக் கெடந்துச்சு. ரெண்டு வருசம் ஸ்டியரிங்கத் தொடல. இப்ப நல்லா ஓட்டுறான், பயப்படாதீங்க.”

நன்றாக ஆறுதல் சொன்னார் போங்கள்! கீழே போகும் பஸ் எப்போது என்று கேட்டேன். எட்டரைக்கு என்றார். காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தடவையும் திரும்பினால், இனி அந்தப் பிள்ளை ‘முடிஞ்சா’ என்றுகூடச் சொல்ல மாட்டாள். அது தெரிந்தும் நான் பெஞ்சைவிட்டு எழவில்லை.

ஆரோன் வந்து பையைப் பார்த்தார். “பாய் சொல்லிட்டாராக்கும்” என்றார்.

“உங்களுக்கே பயமா இருக்குல்ல?”

“இருக்குக்கா, இல்லேன்னா சொல்றேன்? அடிவாரம் வந்தா இன்னமும் கை நடுங்கும். பயம் போகட்டும், அப்புறம் ஓட்டுவோம்னுதான் ரெண்டு வருசம் வீட்டுல கெடந்தேன். அது போகல. அப்புறம் ஆண்டவரே, பயத்தோடதான் வாறேன், நீங்க கூட இருங்கன்னு சொல்லிட்டு எடுத்தேன். ஒரு வளைவுக்கு ஒரு ஜெபம். அவ்வளவுதான்.”

என் கதையை நானும் சொன்னேன். கண்ணை மூடி ஜெபித்தபோது வேன் கவிழ்ந்ததையும், அன்றிலிருந்து கண்ணை மூட முடியாததையும் சொன்னேன். அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

“அப்பக் கண்ணத் தொறந்துக்கிட்டே பண்ணுங்க. நானும் அப்படித்தான். வளைவுல கண்ண மூடுனா நாம ரெண்டு பேரும் நேரா பரலோகந்தான்!”

சிரித்துவிட்டேன். இப்படி நேராக உண்மை பேசுகிறவரை எதைச் சொல்லிச் சந்தேகப்படுவது? பையைக் காரில் வைத்தேன். ‘ஆண்டவரே, இந்த லாரி தாண்டட்டும்.’ ‘ஆண்டவரே, இந்தத் திருப்பம்.’ பெருமாள்மலை வரை அப்படியே, கண்ணை அகலத் திறந்துகொண்டு. பயம் போகவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்குப் பிறகு நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

எட்டே முக்காலுக்கு ஆலயம். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் முன்னால் முழங்காலிட்டிருந்தார்கள். “கண்களை மூடி ஜெபிப்போம்” என்றார் பேராயர். பழக்கப்படி நான் மூடவில்லை. எல்லாத் தலையும் குனிந்திருக்க, முன்னால் ஒரு தலை மட்டும் திரும்பி வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தது. கையை உயர்த்திக் காட்டினேன். பார்த்ததும் என் மகளின் வாய் அழுகையில் கோணியது. சட்டென்று திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: கொடைக்கானலுக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸை முதல் நாளே எடுத்துவிடுங்கள். இந்த வழியில் பெட்ரோல் பங்க், ஏடிஎம் எதையும் நம்ப வேண்டாம், பழனியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளனே கிளம்புங்கள், திரும்பும்போது நான்கு மணிக்குமேல் மூடுபனி இறங்கிவிடும். டயரைக் குனிந்து பாருங்கள், தப்பில்லை. எனக்குப் பயமே கிடையாது என்று சொல்லும் ஓட்டுநர் வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டரைக்கு இறங்கத் தொடங்கினோம். வழியில் பாய் கடையில் டீ குடித்தது நினைவிருக்கிறது. அடுத்துக் கேட்டது, “அக்கா, அணை வந்துருச்சு, மலை எறங்கியாச்சு” என்ற ஆரோனின் குரல்தான்.

“நல்லாத் தூங்குனீங்க போல?”

“இல்ல, கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்” என்றேன்.

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அவர் நம்பவில்லை.