பம்பு செட்டைப் பற்றி ஒரு வாக்கியம்

உலகப் பருவநிலை மாநாடுகளுக்கு நம் நாட்டின் நிலைப்பாட்டை எழுதிக் கொடுக்கும் குழுவில் தில்லியில் வேலை பார்த்தேன். ஒரு வருடம், வரைவில் நானே சேர்த்த வாக்கியம் ஒன்று இருந்தது: விவசாய மோட்டார்களுக்கு மீட்டர் பொருத்தி, இலவச மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைப்போம். அதை எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மாநாட்டுக்கு முன் இரண்டு நாள் விடுப்பில் எடப்பாடிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா இறந்த பிறகு மஞ்சளும் மரவள்ளியும் அவள் பொறுப்பு. நான் போய் இறங்கியபோது தோளில் விவசாயச் சங்கத்தின் பச்சைத் துண்டோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மோட்டாருக்கு மீட்டரு மாட்டப் போறாங்களாம். கரண்டு ஆபீசு முன்னால உக்காரப் போறோம். நீயும் வாரியா?"

மறைக்க மனம் வரவில்லை. "தில்லியில அப்படி எழுதிக் குடுத்ததே நாந்தாங்க்கா."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனாள். கிணறு வறண்டு, அதற்குள்ளேயே ஆழ்துளைப் போர் போட்டிருந்தது.

"தண்ணி கீழ போறது எனக்குத் தெரியாதா சாமி? மேக்காலத் தோட்டத்துக்காரரு நாலு போரு போட்டு உறிஞ்சி, மாடி ஊடு கட்டி, காரும் வாங்கிட்டாரு. நான் இப்பத்தான் ஒண்ணு போட்டிருக்கேன். நிறுத்தோணும்னா மொதல்ல என்னையத்தான் சொல்லுவீங்களா?"

அவள் போய்விட்டாள். கூடப் போய் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

தில்லி திரும்பியபோது என் வாக்கியம் அடிக்கப்பட்டிருந்தது. "தேர்தல் வருகிறது, வேண்டாம்" என்றார் மேலதிகாரி. முன்பென்றால் சண்டை போட்டிருப்பேன். இந்தமுறை, விவசாயிகள் சூரிய மின் மோட்டாருக்கு மாறப் பணக்கார நாடுகள் உதவ வேண்டும் என்று ஒரு வரி கேட்டேன். சேர்த்தார்கள்.

மாநாட்டில், தேநீர் இடைவேளையில், பணக்கார நாடு ஒன்றின் பிரதிநிதி என்னிடம் கேட்டார்: "மீட்டர் பற்றி உங்கள் வரைவில் ஒரு வாக்கியம் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். தேர்தலுக்குப் பயந்துதானே பின்வாங்கினீர்கள்?"

"ஆமாம். அந்தத் தேர்தலில் என் அக்காவும் ஓட்டுப் போடுகிறாள்" என்றேன். மேற்குத் தோட்டத்துக்காரரைப் பற்றியும் சொன்னேன். பிரதிநிதியின் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. கடைசிவரை கேட்டார்.

ஆனாலும் இறுதி அறிக்கையில், உதவி குறித்துப் 'பரிசீலிக்கப்படும்' என்றுதான் வந்தது. போனில் அக்காவிடம் சொன்னேன்.

"தாலுக்கா ஆபீசுல சொல்றதையே அங்கயுஞ் சொல்றாங்களா?" என்று சிரித்தாள். பிறகு, கரண்டு வந்துவிட்டது, மஞ்சளுக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.