காத்தாடியும் கொடும்பாவியும்

என் வாய் சும்மா இருக்காது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த வாய்க்குப் பரிசு கொடுத்தார்கள். கல்லூரிக்குப் போனதும் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, நிலக்கரிப் புகை அதற்கு ஒரு காரணம், காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பேராசிரியை சொல்லித் தந்திருந்தார். நாங்கள் அதை முழுசாக நம்பினோம். நான் இன்றைக்கும் நம்புகிறேன். என் தலைவலி அந்த நம்பிக்கையால் வந்ததல்ல.

கயத்தாறு பக்கத்து மானாவாரிக் காடுகளில் அப்போதுதான் காற்றாலைகள், ஊர்ப்பேச்சில் காத்தாடிகள், முளைத்துக்கொண்டிருந்தன. அவை வந்த பிறகு இரண்டு வருடமாக மழை சரியில்லை. காத்தாடி மேகத்தைத் துரத்துகிறது என்று பஸ்ஸில், டீக்கடையில், தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரே பேச்சு. காத்தாடியை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். படித்த பிள்ளைகள் கம்பெனிக்காரனுக்குக் கொடி பிடிக்கிறார்கள் என்று பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதினார். கம்பெனிக்காரனிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத எனக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் அந்தக் காட்டுக்குள்தான் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம். முதலில் உண்டானது மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். அம்மாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அந்த ஊரிலோ அவசரம் என்றால் மாட்டுவண்டி கட்டி மெயின் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் கைகாட்ட வேண்டும். போன தடவை அப்படித்தான் வந்தாள், வரும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் எங்கள் மன்றம் போகவேண்டிய ஊர்களின் பட்டியலில் அக்கா ஊரும் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அக்காவையும் பார்க்கலாம், நல்ல சாப்பாடும் கிடைக்கும் என்று நானே முந்திக்கொண்டு கை தூக்கினேன். 

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். அன்றைக்கு நான் பச்சைத் தாவணி உடுத்தியிருந்தேன். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்த பருத்தித் தாவணி. தலைப்பில் ரூபாய் அளவுக்கு ஒரு மைக்கறை. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். போகும்போது இதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போ, பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும் என்றாள். எனக்கு ஒரே பெருமை. மாற்றுத் தாவணி பையில் இருந்தது, கூட்டம் முடிந்ததும் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் கூட்டம். தகரத்தில் இறக்கை வெட்டி, சைக்கிள் டைனமோவில் பொருத்தி, குட்டி பல்பு எரிகிற மாதிரி ஒரு காத்தாடி செய்து கொண்டுபோயிருந்தோம். ஆடியில் அடித்த காற்றெல்லாம் போய் அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. மேசை விசிறியை முன்னால் வைத்துச் சுற்றவைப்போம் என்றால் கரண்ட் இல்லை. நாங்கள் மாற்றி மாற்றி வாயால் ஊதினோம். பல்பு எரியவில்லை. ஊர் சிரித்தது. அதிலேயே எனக்குப் பாதி நிதானம் போய்விட்டது.

அப்போதுதான் அக்காவின் மாமனார் எழுந்தார். அந்த ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. நிலத்தைக் கேட்டு வந்த கம்பெனிக்காரர்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டவர். மேகம் கிழக்கே கூடி வருவதையும், காத்தாடிக்கு நேரே வந்ததும் கலைந்து போவதையும் கண்ணால் பார்க்கிறோம் என்றார். நான் மேகத்தின் உயரத்தையும் காத்தாடியின் உயரத்தையும் சொல்லி விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நீ சொல்லுதது சரியா இருக்கும் பிள்ள. ஆனா ஒங்க ஊர்ல ஆறு ஓடுது. மழை பெய்யலன்னாலும் நீ குளிச்சிட்டுத்தான் காலேசுக்குப் போவ. எங்களுக்கு வானத்தை விட்டா என்ன இருக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொள்கிறவர்கள் பாக்கியவான்கள்.

"மாமா வீட்டுக் கூடத்துலயும் ஒரு மேசை விசிறி சுத்துது. அது வந்தும் ரெண்டு வருசம்தான் ஆகுது. அதையும் நிறுத்திப் பாத்திருவோமா மாமா?" என்றேன்.

கூட்டம் குபீரென்று சிரித்தது. அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து ஒரு ஆள், "அந்த வருசம் விசிறி மட்டுமா வந்துச்சு?" என்றான். மறுபடியும் ஒரு சிரிப்பு எழுந்தது. அதையும் எனக்குக் கிடைத்த கைதட்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

அக்கா வீட்டில் தாவணியை மாற்றினேன். அவள் அதை வாங்கி, என் முகத்தைப் பார்க்காமல் நாலாக மடித்தாள். பஸ் கங்கைகொண்டானைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விசிறி எங்கள் வீட்டுச் சீர். விசிறி வந்த அதே நாளில்தான் அக்காவும் அந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருடமாக மழை இல்லாததற்குக் காத்தாடியைச் சொல்லிக்கொண்டிருந்த ஊருக்கு, இன்னொன்றையும் நானே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மருமகள் வந்த நேரம்! பக்கத்தில் மன்றத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டு வாரத்தில் இன்லண்ட் லெட்டர் வந்தது. சம்பந்தி மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எல்லாரும் சுகம். வளைகாப்புக்கு இப்போது அவசரமில்லை. பேறுகாலத்தையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் அபிப்பிராயம். அம்மா அதைப் படித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

அப்பா பழம் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், மகள் பேச்சுக்காகத் தலைகுனிந்து போய் உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தி மோர் கொடுத்தார், ஊர் விவகாரமெல்லாம் பேசினார். அப்பா மெல்ல விஷயத்துக்கு வந்ததும், "மழை பெய்யட்டும் அண்ணாச்சி. பெறவு பாப்போம்" என்றாராம். மருமகள் வந்த நேரம்தான் என்று ஊரில் பேசுகிறார்கள், இப்போது வீட்டை விட்டு மருமகள் வெளியே போனால், தப்பு அவள் பேரில்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னாராம். அப்பா அதைச் சொல்லும்போது அவர் மேல் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் வரை எங்கள் பிள்ளை அங்கேதான்.

அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஐப்பசி முழுவதும் காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக்கு ஓடுவேன். கிழக்கே கறுத்தால் கீழே இறங்கவே மாட்டேன். எங்கள் ஊரில் நாலு தூறல் விழும், அந்தப் பக்கம் வெயில் என்று பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்வார்கள். வெட்கக்கேடு, இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒருவேளை அந்தக் காத்தாடி நிஜமாகவே மேகத்தைக் கலைக்கிறதோ என்று ஒரு நாள் எனக்கே தோன்றியது. பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். புத்தகம் மாறவில்லை. பயமும் போகவில்லை. 

மன்றம் அடுத்த ஊருக்குக் கிளம்பியது. நான் வரவில்லை என்றேன். கம்பெனிக்கும் பயப்படாதவள் சம்பந்திக்குப் பயப்படுகிறாளே என்று என் தோழி எல்லார் முன்னாலும் கேலி செய்தாள். ஆமாம், பயப்படுகிறேன் என்றேன். 

ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போய்விட்டது. அக்காவுக்கு ஏழாம் மாதம். மார்கழி பிறந்துவிட்டால் வளைகாப்பு வைக்க முடியாது. தை வரை காத்திருந்தால் ஒன்பதாம் மாதம், அந்த வண்டிப்பாதையில் அவளை யார் கூட்டிவருவது? அக்கா கடிதம் போடுவதும் நின்றுவிட்டது. பொறுக்கமாட்டாமல் அம்மா ஒரு நாள் அதிரசமும் முறுக்கும் கட்டிக்கொண்டு, பார்த்துவிட்டாவது வருவோம் என்று கிளம்பினாள். என்னையும் வரச்சொன்னாள். வந்து அவர்கள் காலில் விழு, உன் வாயால் கெட்டது உன் தலையால் சரியாகட்டும் என்றாள். அந்த ஒரு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

ஊருக்குள் நுழையும்போதே மேளச் சத்தம், சாவு மேளம். அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். முக்குத் திரும்பினதும்தான் தெரிந்தது, கொடும்பாவி இழுக்கிறார்கள். மழை பொய்த்தால் அந்தப் பக்கத்தில் செய்வதுதான். ஊரில் யாரோ ஒரு பெரும்பாவி இருப்பதால் வானம் அடைத்துக்கொண்டது என்று கணக்கு. அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் செய்து, பாடையில் கட்டித் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொண்டுபோய் எரிப்பார்கள். 

வழக்கமாக அதற்குக் கிழிந்த வேட்டிதான் சுற்றுவார்கள். அன்றைக்குப் பாடையில் கிடந்தது பெண். கையில் பனையோலைக் காத்தாடி. உடம்பில் பச்சைத் தாவணி. தலைப்பு தெருப்புழுதியில் இழுபட்டுக்கொண்டு வந்தது, மைக்கறையோடு.

அழுதுகொண்டு வந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். ஒப்பாரி அவள் வாயில் பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்தவளும் திரும்பினாள். கொஞ்சம் விலகி வழி விட்டார்கள், அவ்வளவுதான். முன்னால் இடுப்பில் துண்டோடு மாமா நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. நானும் அம்மாவும் பின் சந்து வழியாக வீட்டுக்குள் போனோம்.

பிள்ளைத்தாய்ச்சி அதைப் பார்க்கக்கூடாது என்று அக்காவை உள்ளறையில் உட்காரவைத்திருந்தார்கள். வயிறு நன்றாக எடுப்பாகத் தெரிந்தது, கன்னம்தான் ஒட்டிப்போயிருந்தது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நிலைப்படியிலேயே நின்று, தாவணியை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் அக்கா.

அவள் குரலில் சண்டை இல்லை. அவள் மாமியார் பழைய துணி ஏதாவது கேட்டாளாம். வேட்டி இருந்தது, கிழிந்த சேலை இருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, பெட்டியின் அடியில் வைத்திருந்த தாவணியை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

"ஊரு ஒரு பாவியத் தேடிக்கிட்டு இருந்துச்சுட்டி. ஒண்ணு நீ, இல்லாட்டி நான். நீ தூரத்துல இருக்க" என்றாள்.

எரித்து முடித்து, சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரித் தலைமுழுகிவிட்டு மாமா வந்தார். நான் போய்க் காலில் விழுந்தேன். அவர் என்னை எழுந்திரு என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அம்மாவைப் பார்த்து, மார்கழி பிறக்கும் முன்னால் நல்ல நாள் ஏதும் இருந்தால் வளைகாப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எரிந்தது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் இனி போகலாம். 

மார்கழி முதல் வாரம் மழை பிடித்துக்கொண்டது. கொடும்பாவி எரித்த புண்ணியம் என்றது அந்த ஊர். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றது ரேடியோ. அப்படியானால் காத்தாடி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 

அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். மாசியில், பெரிய ஆஸ்பத்திரியில், பெண் பிறந்தது. அம்மாவின் பழைய சேலையில் தூளி கட்டினோம். ஒரு மத்தியானம் நான் ஆட்டிக்கொண்டிருந்தேன், அக்கா பக்கத்தில் படுத்திருந்தாள். அத்தனை நாளும் கேட்க நினைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்: நான் சொன்னதை அவளாவது நம்பினாளா, காத்தாடி மழையைத் துரத்தாது என்று?

அவள் எழுந்து உட்கார்ந்து தூளிக் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள். "ஒன்னைய நம்ம வீட்டு வாசல் வழியா இழுத்துட்டுப் போகும்போது நான் சன்னல்ல நின்னு பாத்தேன். பிள்ளைத்தாச்சி பாக்கக்கூடாதுன்னாவ. அழுத அத்தன பேருல உண்மையா அழுகதுக்கு ஒருத்தி வேணும்லா."