ஸப்ரியைத் தூக்கும் கயிறு

ராசையாவுக்குச் சனிக்கிழமை என்றால் ஸப்ரியைத் தூக்கும் நாள். விடிந்ததும் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி, ரத்தொட்டைக்கு வந்து பஸ் பிடித்து, மாத்தளை டவுனைத் தொடும்போது ஒன்பது மணி ஆகிவிடும். கையில் எப்போதும் ஒரு பை. அதில் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம், காய்க்கிற காலமென்றால் நாலு கொய்யாப்பழம். வயது அறுபத்தைந்து. முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. தோள் மட்டும் பழைய தோள்தான்.

ஸப்ரியின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அவர் முன்னறைக் கட்டிலில் படுத்து முப்பத்தொன்பது வருஷம். கூட இருப்பது அவரை நானா என்று அழைக்கிற தங்கை மஸீனாவும் அவள் மகள் நிஹ்லாவும். கட்டிலுக்கு மேலே கூரை மரத்தில் ஓர் இரும்புக் கப்பி தொங்கும். அதை மாட்டியது ராசையா. பழைய ஜீப்பின் சீட் பெல்ட்டுகளைச் செருப்புத் தைக்கிற கடையில் கொடுத்து, இடுப்புக்கும் தொடைக்குமாக வார் செய்துவந்ததும் ராசையாதான். கயிற்றை இழுத்தால் ஸப்ரி மெத்தையை விட்டு எழும்புவார். மஸீனா விரிப்பை மாற்றி, முதுகைச் சுடுதண்ணீரில் துடைத்து, பவுடர் போடுவாள். பிறகு அப்படியே மெல்ல நகர்த்திச் சக்கர நாற்காலியில் இறக்கவேண்டும். மற்ற நாட்களில் அவள் தனியாகப் புரட்டிப் புரட்டிச் சமாளிப்பாள். முழுதாகத் தூக்குவது சனிக்கிழமை மட்டும்தான்.

"கெதியாப் பறக்க வைங்க ராசையாண்ணே. ஊர் சனமெல்லாம் அண்ணாந்து பாத்துக்கிட்டு ஈக்கி" என்பார் ஸப்ரி. எத்தனையோ வருஷமாக அதே பகிடி. மஸீனா சிரிக்கமாட்டாள். ராசையா சிரிப்பார்.

தேவையான உயரம் வந்ததும் ஸப்ரி "போதும்" என்பார். அந்தச் சொல் வாயை விட்டு வந்த இடத்தில் ராசையாவின் கை நிற்கும். அதற்குமேல் ஒரு விரற்கடை போனதில்லை.

"கூடப் பொறந்தவன்கூட இப்படி வரமாட்டான்" என்று சந்தில் உள்ளவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் ராசையா குனிந்து பைக்குள் எதையோ தேடுவார்.

ஸப்ரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது இடக்கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். பார்க்கிறவர்களுக்கு அது நோயாளியின் நமைச்சல். ராசையாவுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். ஒரு கொக்கியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிற விரல்கள் அவை.

எண்பத்தாறில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒரு சிங்களப் படக் கூட்டம் வந்து இறங்கியது. நெஞ்சில் சூரியன் வரைந்த சட்டையும் முதுகில் சிவப்புப் போர்வையுமாக ஒருவன் ஆகாயத்தில் பறந்து வந்து ஏழை எளியவர்களைக் காப்பாற்றுகிற கதை. இப்போது போலக் கம்ப்யூட்டரில் பறக்கவைக்கிற காலமில்லை. மனிதனைக் கம்பியில் கட்டித்தான் தூக்கவேண்டும். கம்பி தெரியக் கூடாது. அதற்காகத்தான் பனிமூட்டம் தேடி அவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார்கள்.

பள்ளத்திலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் மேலே இழுக்கிற வேலையில் இருந்த ராசையாவைத் தோட்டத்துத் துரை படக்காரர்களோடு அனுப்பினார். இரண்டு நெட்டைக் கம்பங்கள், குறுக்கே ஒரு உத்திரம், அதில் கப்பி. ஆளின் பாரத்துக்கு ஈடாகக் கொழுந்துச் சாக்குகளில் மண் நிரப்பி மறுபக்கம் கட்டினார்கள். கம்பி மினுங்காமலிருக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். போர்வையின் நுனிகளில் தூண்டில் நூல் தைத்து, காற்றில் அடிப்பது போலத் தெரிய இரண்டு பேர் ஒளிந்திருந்து சுண்டினார்கள். கதாநாயகன் தரையில் இடுப்பில் கைவைத்து நிற்பதோடு சரி. பறந்தது ஸப்ரி.

ஸப்ரிக்கு அப்போது இருபத்தொரு வயது. மாத்தளைக் கடைவீதியில் பூட்டும் குடையும் திருத்துகிறவரின் மகன். முதல் இரண்டு நாளும் ஈரச் சேலையைக் கொடியில் போட்ட மாதிரித் தொங்கினான். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வெறும் பிளேன்டியோடு வந்தான். "வயிறு நெறஞ்சா மனுஷன் மூட்டை மாதிரித் தொங்குறான் அண்ணே" என்றான். வயிற்றை இறுக்கி, கால் விரல்களைச் சேர்த்து, தாடையை முன்னே நீட்டியதும் ராசையாவின் கைக்கே அது தெரிந்தது. கயிறு லேசாகிவிட்டது. தொங்குகிற ஆளுக்கும் பறக்கிற ஆளுக்கும் கயிற்றில் பாரம் வேறு.

இடுப்பின் இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் ஸப்ரி தானே மாட்டிக்கொள்வான். வேறு யாரையும் தொடவிடமாட்டான்.

தூக்கவும் நிறுத்தவும் கொடிதான் சைகை. வெள்ளை காட்டினால் இழு, சிவப்பென்றால் நில். ஆறாம் நாள் மூட்டம் இறங்கி, கொடி பிடித்தவனே மறைந்துபோனான். அப்படியும் எடுக்கலாம் என்றார்கள். கமராவுக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர் வாயால் கத்துவதாகப் பேச்சு.

இழுக்கச் சொன்னபோது ராசையா இழுத்தார். பிறகு அந்தச் சத்தம் வந்தது. "எத்தி." சிங்களத்தில் போதும் என்று அர்த்தம். ராசையாவுக்குத் தெரியாத சொல் இல்லை. சிங்கள வீட்டில் சோறு போட்டால் அவரும் "எத்தி, எத்தி" என்று கையால் மறிக்கிறவர்தான். ஆனால் காற்றில் இழுபட்டு வந்த அந்தச் சொல் "ஏ...த்தி" என்று வந்தது. பள்ளத்திலிருந்து ஏழு வருஷமாக ஆட்கள் அவரைப் பார்த்துக் கத்தியது "ஏத்து, ஏத்து" என்றுதான். காது யோசிக்குமுன் கை இழுத்துவிட்டது. உதவியாளர் இன்னும் பலமாகக் கத்தினார். ராசையா இன்னும் பலமாக இழுத்தார்.

ஸப்ரி உத்திரம் வரைக்கும் போனான். இடப்பக்கக் கொக்கி கப்பியில் இடித்துத் திறந்துகொண்டது. கீழே பாறை.

விசாரித்தவர்கள் பார்த்தது திறந்த கொக்கியை. மாட்டியது யார் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் ராசையா ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலுக்குக் கிட்டே போவதற்குள் ஸப்ரி தன் வாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "நான்தான் வாப்பா. எடது பக்கம் சரியா மாட்டல்ல போல." ராசையாவின் வாய் அன்றைக்கு மூடியது.

வாப்பா அதன்பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "பூட்டுத் திருத்துறவன்ட மகனுக்கு ஒரு கொக்கி மாட்டத் தெரியல்ல." சாகிறவரை சொன்னார்.

படம் வந்தபோது ராசையா தனியாகப் போய்ப் பார்த்தார். மற்ற இடங்களில் பறந்ததெல்லாம் தொங்கியது மாதிரித்தான் இருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒருவன் விர்ரென்று மேலே மேலே போய்த் திரையை விட்டே மறைந்தான். கொட்டகை முழுக்க விசில். ராசையா எழுந்து வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் குந்திக்கொண்டார்.

மனைவி அழகாயியிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிராதீங்க" என்றாள். "சொன்னா அந்த ஊட்டுப் படி ஏற முடியாது. நீங்க போகலைன்னா அந்த மனுசன யாரு தூக்குவா?"

அவளும் போய்ச்சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

ஒரு சனிக்கிழமை, ஸப்ரியைத் துடைத்து நாற்காலியில் இறக்கிய பிறகு, நிஹ்லா போனோடு வந்தாள். "மாமா, ஒங்கட படம். டிரெக்டர்ட மகன் பழைய ரீல் துண்டெல்லாம் யூடியூப்ல போட்டீக்காரு. படத்துல வராத மிச்சமெல்லாம் ஈக்கி."

ஸப்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் வந்த துண்டுகளுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை நிஹ்லா வாசித்தாள். "கம்பி தெரியுது. பறக்கல்ல, உடுப்புக் காயப்போட்டிருக்கு." ஸப்ரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆனா இதுக்கு மட்டும் எல்லாரும் நல்லா எழுதியீக்காங்க, மாமா. அந்தக் காலத்துல இத எப்படி எடுத்தாங்கன்டு."

மூட்டம். அதற்குள்ளிருந்து சிவப்புப் போர்வை எழும்பியது. கொட்டகையில் பாட்டுச் சத்தம் மூடியிருந்த இடத்தில் இப்போது காற்றின் சத்தமும், அதற்குள் ஒரு மனிதக் குரலும் கேட்டது. எத்தி. எத்தி.

ராசையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"'எத்தி'ன்டு செல்றாரே" என்றார் ஸப்ரி. "இன்னொருக்கா போடு புள்ள."

மறுபடி போட்டாள்.

"நான் ஒருநாளும் நெனச்சதில்ல, அவ்வளவு மேல போயிருப்பன்டு" என்றார் ஸப்ரி. "ஆனா அவர் சத்தம் போட்டதும் நீங்க நிப்பாட்டியிருப்பீங்க. நிப்பாட்டின குலுக்கத்துல கொக்கி கழண்டீக்கும். எல்லாம் இந்தக் கைதான்." இடக்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்கள் நாற்காலித் துணியின் ஓரத்தை அழுத்தின, விட்டன.

ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு இருக்க அன்று ராசையாவால் முடியவில்லை.

"நிப்பாட்டல, தம்பி."

"என்ன?"

"எனக்கு அது ஏத்துன்னு கேட்டிச்சு. மேல இழுத்தேன். ரெண்டாந்தரம் கத்துனப்ப இன்னும் இழுத்தேன். கொக்கி கப்பியில போய் மோதிருச்சு. நீங்க சரியாத்தான் மாட்டியிருந்தீங்க."

நிஹ்லா போனை அணைத்தாள். குசினியிலிருந்து வந்த மஸீனா தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றாள்.

"எப்ப வெளங்கின?" என்று கேட்டார் ஸப்ரி.

"அன்னிக்கே."

ஸப்ரி தங்கையைப் பார்த்தார். "வாப்பா மவுத்தாகி எத்தின வருஷம்?"

"இருபத்திரெண்டு, நானா."

"மையத்த எடுக்குற நேரம் என்னக் கையில தூக்கிட்டுப் போய் வாப்பாட முகத்தக் காட்டின நீங்கதானே, ராசையாண்ணே."

"ஆமா தம்பி."

"அப்பயும் தெரியும்."

ராசையா தலையை ஆட்டினார். அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை.

"போதும்" என்றார் ஸப்ரி. "நீங்க போங்க."

கொய்யாப் பை மேசையிலேயே இருந்தது. ராசையா பஸ் ஏறினார்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் உடுத்திக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்தவர் மதியம் வரைக்கும் எழும்பவில்லை. அதற்கடுத்த சனியும் அப்படித்தான். மூன்றாவது கிழமை மஸீனா ராசையாவுக்குப் போன் எடுத்தாள்.

"முதுகுல புண் வந்துட்டு, அண்ணே. என்னால தனியப் பொரட்ட ஏலுதில்ல. பக்கத்து வீட்டு ஆள் இழுத்தா வார் கோணுது. நானாக்கிட்டச் செல்லிட்டுத்தான் எடுக்கிறன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்டும் செல்லல்ல."

ராசையா போனார். தேயிலைத் தூள் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகலாமா என்று யோசித்து யோசித்தே பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தார். ஸப்ரி சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். இடக்கை விரிப்பின்மேல் கிடந்தது. விரல்கள் அசையவில்லை. அது ஒன்றுதான் ராசையாவின் கண்ணில் முதலில் பட்டது. அதைப் பார்த்தால் மனம் ஆறும் என்று முப்பத்தொன்பது வருஷமாக நினைத்திருந்தார். ஆறவில்லை.

மஸீனா வாரை மாட்டிக் கொடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் எடுக்கப் போனாள். ராசையா கயிற்றை இழுத்தார். பாரம் வேறாக இருந்தது. வழக்கமாகக் கட்டில் சட்டத்தைப் பிடித்து உந்திக்கொடுக்கிற கைகள் இன்று உந்தவில்லை. மண் சாக்கு மாதிரி வந்தது. முதுகு மெத்தையை விட்டது. எப்போதும் நிறுத்துகிற உயரம் வந்தது. ராசையா கையை நிறுத்திக் காத்திருந்தார்.

ஸப்ரி மேலே கப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, போதுமா?"

ஸப்ரி கப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கயிறு கையில் இறங்கப் பார்த்தது. ராசையா இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"போதுமா தம்பி?"

குசினியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. மஸீனா வரும் வரைக்கும் அவர் அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.