ஜீயஸ் நமக்கு என்ன முறை?

வெள்ளைக்காரன் வாயைத் திறந்து மூடுவதற்குள் அதில் தமிழை அடைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, டிவியில் ஓடும் டப்பிங் படத்தைப் பார்த்து, "எவன்டா இதுக்கு வசனம் எழுதுனவன்?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான்தான். நீங்கள் இரண்டு மணி நேரம் பட்ட பாட்டை நான் இரண்டு மாதம் பட்டவன். ஆகவே என்னைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டப்பிங் கூடம். முதலாளி முருகேசண்ணன், வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஒலிப்பதிவும் அவரேதான். ஒரு டிவி கம்பெனியில் நான்கு படங்களை மொத்தமாகக் கொடுத்தார்கள். நான்கும் பழைய கிரேக்க, ரோமாபுரிச் சாமி கதைகளை வைத்து எடுத்தவை. அல்லாஹ் ஒருவனே என்று ஓதி வளர்ந்த நான், மலை உச்சியில் கூட்டுக் குடித்தனம் நடத்தும் பன்னிரண்டு சாமிகளுக்கு வசனம் எழுத உட்கார்ந்தேன். "இந்த நாலும் ஒழுங்காப் போனாத்தான் பாய் அடுத்த வேல. இல்லன்னா மெட்ராசுக்குக் குடுத்துருவாங்க, நாம கடையக் கட்ட வேண்டியதுதான்" என்றார் அண்ணன். எனக்கோ வேறு வேலை தெரியாது.

நாகம் சூடியவள்

முதல் படத்தில் மெதூசா என்று ஒருத்தி. தலைமுடி முழுக்கப் பாம்பு. அவள் யாரைப் பார்த்தாலும் அந்த ஆள் கல்லாகிவிடுவான். கதாநாயகன் போய் அவள் தலையை வெட்ட வேண்டும். அவளுக்குக் குரல் கொடுக்க வந்தவர் செல்வி அக்கா. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். எங்கள் படங்களில் வரும் அம்மா, மகாராணி, சூனியக்காரி எல்லோரும் அவர்தான். திரையில் அந்த முகம் வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இது சாமி இல்ல, அரக்கி" என்றேன். அவர் கேட்கவில்லை. வெட்டும்போது கத்த மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். நானும் குழம்பிப்போய், அவளே மனமுவந்து தலையைக் கொடுப்பதாக மாற்றி எழுதினேன். திரையில் அவள் வாயைப் பிளந்து அலறுகிறாள், தமிழில் "நல்லா இரு மகனே" என்று வாழ்த்துகிறாள். படம் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. வேறு ஆளை வைத்து அலறலை மட்டும் பதிவு செய்து அனுப்பினோம். அக்காவிடம் வருத்தமாகச் சொன்னபோது அவருக்குத் துளிகூட வருத்தமில்லை. "தலையில நாகத்தோட நிக்கிறவள வெட்டுனவன் எப்புடித் தம்பி வெளங்குவான்?"

தாடிக்காரர் இருவர்

முதல் படத்தில் இடியைக் கையில் வைத்திருக்கும் பெரிய சாமியின் பெயர் ஜீயஸ். இரண்டாவது படம் ரோமாபுரிக் கதை. அதிலும் அதே தாடி, அதே இடி, ஆனால் பெயர் ஜூபிடர். சரி, தம்பியாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். கொஞ்சம் இளைய குரலாகத் தேடிப் பிடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "என் அண்ணன் ஜீயஸ் மீது ஆணை" என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன்.

டிவி அலுவலகத்தில் எங்கள் படங்களைப் பார்த்து அனுமதிக்கும் மேடம் போன் செய்தார். கிரேக்கத்தில் ஜீயஸ் என்று கும்பிட்டவரைத்தான் ரோமாபுரியில் ஜூபிடர் என்றார்களாம். இன்னொரு படம் திரும்பினால் இனி மதுரைக்கு வேலை கிடையாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். "ரேசன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. எங்க சித்தப்பாவும் இப்புடித்தான் பாய் தாலுகா ஆபீசுக்கு அலையுறாரு."

கோட்டு போட்ட கதை

மூன்றாவது படத்தில் சாமியே இல்லை. இந்தக் காலத்துக் கதை. கோட்டு போட்ட துப்பறிவாளன், கார், துப்பாக்கி. செத்துப்போன மனைவியை மீட்க, ரயில் நிலையத்துக்குக் கீழே லிஃப்டில் இறங்கிப் பாதாளத்துக்குப் போகிறான். அங்கே ராஜாவாக இருப்பவர் அவளை அனுப்பச் சம்மதிக்கிறார். ஆனால் மேலே போய்ச் சேரும்வரை இவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. படத்தை மாற்றி அனுப்பிவிட்டார்களோ என்று தேடிப் பார்த்தேன். ஆர்ஃபியஸ் என்ற பாட்டுக்காரனைப் பற்றிய பழைய கிரேக்கக் கதைக்குக் கோட்டு மாட்டி விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. விண்வெளிப் படம், குத்துச்சண்டைப் படம், எதைப் பார்த்தாலும் உள்ளே எந்தக் கிரேக்கர் ஒளிந்திருக்கிறாரோ என்று சந்தேகமாகவே இருக்கிறது.

கடைசிப் படியில் அவன் திரும்பிப் பார்த்துவிடுகிறான், மனைவி மறைந்துபோகிறாள். நான் அடுத்த தாளைப் புரட்ட மறந்துபோனேன். அண்ணன் பதிவை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். "சுடுகாட்டுக்குப் போயிட்டு வாரப்ப திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு, அம்புட்டுப் பெரிய ஊர்ல இவனுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையா பாய்?"

மாலையா, அருவாளா

அந்தப் படம் தப்பித்தது. மிச்சம் ஒன்றுதான். அதில் டிமீட்டர் என்று ஒரு தாய். பயிர் பச்சை எல்லாம் அவள் பொறுப்பு. அவள் மகளைப் பாதாள ராஜா ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்கிறான். ஆங்கிலத்தில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். தமிழில் முறை வேண்டாமா? ஒரு தாளில் வம்சத்தை வரைந்து பார்த்தேன். ஹேடிஸ் அந்தத் தாயின் தம்பி. அப்படியென்றால் பெண்ணுக்குத் தாய்மாமன். எங்கள் மார்க்கத்தில் தாய்மாமன் கட்டக் கூடாது, எனக்குப் பகீரென்றது. அண்ணனோ, "அக்கா மகளத்தான கட்டுறான், உரிமதான" என்று சாவகாசமாக டீயை உறிஞ்சினார்.

"இன்னும் இருக்குண்ணே" என்றேன். பெண்ணின் அப்பா ஜீயஸ். அந்த ஜீயஸுக்கு ஹேடிஸ் கூடப்பிறந்த அண்ணன். ஆக, மாப்பிள்ளை பெண்ணுக்குப் பெரியப்பாவும் ஆகிறான். ஜீயஸும் டிமீட்டரும் அக்கா தம்பி என்பதை நான் சொல்லவே இல்லை, அவராகவே தாளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். வெகுநேரம் யோசித்து, ஜீயஸை அப்பா பொறுப்பிலிருந்து விலக்கி ஊர் நாட்டாமை ஆக்கினோம். அதற்குப் பிறகும் அண்ணன் மனம் ஆறவில்லை. "கட்டுனவன் தாய்மாமன்னா மாலையோட போகணும், பெரியப்பன்னா அருவாளோட போகணும். ரெண்டும் ஒரே ஆளுன்னா நான் எதத் தூக்கிட்டுப் போறது பாய்?"

கை நனைத்தவள்

இன்னொரு சிக்கல் பாக்கி. தாயின் அழுகையில் பூமி காய்ந்துபோக, நாட்டாமை மகளை அனுப்பச் சொல்கிறார். ஆனால் அவள் பாதாளத்தில் நாலு மாதுளை முத்துத் தின்றுவிட்டாளாம், அதனால் வருடத்தில் பாதி நாள் அங்கே திரும்பிப் போக வேண்டுமாம். நாலு முத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? மேடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று கையைப் பிசைந்தேன். செல்வி அக்காதான் தீர்த்து வைத்தார். "மாமனா இருந்தாலும் தூக்கிட்டுப் போனது தப்புத் தம்பி. ஆனா அந்த வீட்ல கை நனச்சுட்டாள்ல, சம்மந்தம் முடிஞ்சு போச்சே. இனி ஆடிக்கு அழச்சுட்டு வாரதுதான். புள்ள வரவும் இங்கன வெதப்பாங்க." எனக்கு மொத்தப் படமும் அப்போதுதான் விளங்கியது.

மகள் திரும்பி வரும் காட்சிக்கு, "உன் பாதம் பட்டு இந்த மண் துளிர்க்கட்டும்" என்று நீளமாக எழுதியிருந்தேன். அக்கா மைக் முன்னால் நின்றார். அவர் மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்து முதல் வருடம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்று இந்த ஆடிக்கு அவள் வரவில்லை. திரையில் மகள் ஓடி வருகிறாள். அக்கா தாளைப் பார்க்கவே இல்லை. "வந்துட்டியா... சாப்டியா தாயி?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் குரல் வரவில்லை. வெள்ளைக்கார அம்மாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. வாய் அரை நொடி ஒட்டாவிட்டாலும் பத்துத் தடவை திரும்ப எடுக்கும் அண்ணன், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இதுவே இருக்கட்டும்" என்றார். இது திரும்பி வந்தால் கூடத்தையே பூட்ட வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் திரும்ப எடு என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

நான்கு நாள் பயத்திலேயே இருந்தேன். ஐந்தாம் நாள் மேடம் கூப்பிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். "அந்த சீன்ல வாய் ஒட்டவே இல்ல சார். ஆனா மாத்தாதீங்க. எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிப் பேசிட்டுத்தான் மிச்சப் படத்தைப் பார்த்தேன். அடுத்த நாலு படம் அனுப்புறேன். ஒரே ஒரு டவுட்டு, அந்தப் பொண்ணோட அப்பா யாரு?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்றுவரை பதில் அனுப்பவில்லை, ஏனென்றால் உண்மையைச் சொன்னால் மேடம் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார், முருகேசண்ணன் அருவாளை எடுத்துவிடுவார்.