குரலுக்குள்ளே கேட்டவன்

எங்கள் தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் "அவர்" என்று எழுதுவதுதான் முறை என்று உறவினர்கள் சொன்னார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதுவதையும்தான். நம் பிள்ளைகளில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அரிது. ஆனாலும் அவனும் நானும் கடைசிவரை பேசிக்கொண்ட மொழி இது.

ஃபிஜித் தீவில், பா என்ற ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்து வீட்டில் பிறந்தான். வெட்டுக் காலத்தில் அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். அவன் என் பொறுப்பு. பள்ளியில் சேர்த்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. எழுத்து அவனிடம் தங்கவே இல்லை. அவனோடு படித்தவர்கள் மேலே போக, அவன் அதே பெஞ்சில் இருந்தான்.

"இவன் மண்டையில களிமண்ணுதான் கீது" என்பார் அப்பா.

"களிமண்ணு ஒண்ணும் இல்ல. இவனுக்குப் புத்தி காதுல கீது" என்பார் அம்மா.

அம்மா சும்மா சொல்லவில்லை. ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து, சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் தம்பி, "மாமா அழுதுகினே போறாரு" என்றான். அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார். மறுநாள்தான் தெரிந்தது, மாமாவின் ஒரே மகள் குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்புகிறாள் என்று.

நான் ஆசிரியையானேன். அவன் அப்பாவோடு வயலில் இறங்கினான். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி இருந்தாள்; வாய்ப்பாடு கேட்டால் தரையைப் பார்ப்பாள். என்னை அழைத்துப்போக லாரியோடு வந்த தம்பி, வாசலில் நின்றபடி, "அக்கா, அந்தப் பொண்ணு உள்ளுக்குள்ள பாடிகினே கீது, உனக்குக் கேக்கலையா? அதையே பாட்டா கேட்டுப் பாரு" என்றான். கோயில் பஜனை மெட்டில் வாய்ப்பாட்டைப் பாடச் சொன்னேன். பாதி வகுப்பு கூடவே பாடியது; அவள் குரல்தான் முன்னால் கேட்டது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் மக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழுந்ததில்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஆண்டு, நம்மவர்களில் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். நானும் என் கணவரும் நியூசிலாந்துக்கு மனுப் போட்டோம். தம்பிக்கும் சேர்த்துப் போட எவ்வளவோ முயன்றேன். அந்த விண்ணப்பத்தில் படிப்பை எழுத இடம் இருந்தது. காதை எழுத இடம் இல்லை.

புறப்பட்ட அன்று அவன்தான் லாரியில் எங்களை நாந்தி விமான நிலையத்துக்கு அழைத்துப்போனான். வழியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் மறித்தான். பெட்டிகளைக் காட்டி ஏதோ கத்தினான். எனக்கு அந்தக் கத்தலில் கோபம்தான் கேட்டது. தம்பி மெதுவாகச் சொன்னான்: "பயப்படாத அக்கா. அவனுக்குக் கோவம் இல்ல, பயம். கொரல் உடையுது பாரு."

இறங்கிப் போனான். ஆற்றில் கூட விளையாடிய பிள்ளைகளிடம் கற்ற ஃபிஜி மொழியில், தணிந்த குரலில், எந்த ஊர், அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். சற்று நேரத்தில் அந்தச் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தான். நாங்கள் தப்பித்தோம். எங்களைத் தப்பிக்க வைத்தவன் காலி லாரியோடு திரும்பிப் போனான்.

அப்புறம் எங்களுக்குத் தொலைபேசிதான். ஞாயிறுதோறும் கூப்பிடுவான். அதிகம் பேச மாட்டான். ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவான். தகரக் கூரையில் மழை கேட்கும். குத்தகை முடிந்து நிலம் கையை விட்டுப் போனபின் லவுத்தோக்கா நகரில் தண்டவாளத்தை ஒட்டி வீடு பார்த்தான். அங்கிருந்து கரும்பு ரயில் கேட்கும். ஆக்லாந்தின் குளிரில், ஜன்னல் அடைத்த வீட்டில் நின்று அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். எத்தனையோ முறை.

"எப்படி கீற அக்கா?" என்பான்.

"நல்லா இருக்கேன்பா."

"பொய் சொல்ற. இன்னா ஆச்சு, சொல்லு."

என் கணவர் நோயில் விழுந்ததை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்ன "நல்லா இருக்கேன்" என்ற சொல்லிலேயே அவன் கண்டுபிடித்தான்.

சர்க்கரை நோய் முதலில் அவன் காலைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தை. செய்தி கேட்டு ஓடினேன். மருத்துவமனை வார்டில் கண்மூடிக் கிடந்தவன், நான் கட்டிலருகே வருமுன்பே சிரித்தான்.

"அக்கா, செருப்பு புதுசா?" என்றான். பிறகு, "ப்ளேன்ல அழுதுகினே வந்தியா?" நான் இன்னும் வாயே திறக்கவில்லை. மூச்சுச் சத்தம் அவனுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்தபடி போய்விட்டான்.

அவனைக் கடைசிவரை கண்ணாகப் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், வார்டில் இருந்த தாதிமாருக்கும், பாடையைத் தூக்கித் தோள் கொடுத்த பக்கத்துக் கிராமத்து ஃபிஜி நண்பர்களுக்கும், கோயிலில் பஜனை பாடியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தூர தேசங்களிலிருந்து தொலைபேசியில் துக்கம் விசாரித்த உங்கள் அனைவருக்கும் நன்றி. ஒவ்வொருவரும் அன்போடு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கேன்" என்றேன்.

எல்லோரும் நம்பிவிட்டீர்கள்.